வடிவம் வரும், வரலாறு வராது

1

எந்த கேட் மென்பொருள் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோரிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கும். பூட்டுடைத்த பிரதி. யாரோ ஒரு நண்பர் பென்டிரைவில் கொண்டுவந்து, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவிக்கொடுத்தது. பத்து வருடம் அதில்தான் வேலை ஓடியிருக்கும். இப்போது திடீரென்று ஏன் கேட்கிறார்கள் என்று விசாரித்தால் பின்னால் ஒரு காரணம் நிற்கும். புது வாடிக்கையாளர் ஏதோ சான்றிதழ் கேட்டிருப்பார். அல்லது, வரைந்துகொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போகப்போவதாகச் சொல்லியிருப்பார்.

கோவையில் என் தாய்மாமாவுக்கு இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன.

கேட் என்றால் எங்கள் குடும்பத்தில் மூன்று அர்த்தம் உண்டு. ரயில்வே கேட். எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வு. கணினியில் பாகங்களை வரையும் கேட். நான் இயந்திரவியல் படித்துவிட்டு, கோடு வரைவதை விட்டுக் கோடு எழுதப் போனவன். ஆனால் மாமாவைப் பொறுத்தவரை திரை முன்னால் உட்காருகிற எல்லோரும் ஒரே சாதி.

மாமாவின் பட்டறை கணபதி பக்கம். நான்கு லேத், இரண்டு விஎம்சி, ஒரு ரேடியல் டிரில், பன்னிரண்டு ஆட்கள். பம்ப் கம்பெனிகளுக்குக் கேசிங், இம்பெல்லர், மோட்டார் பாடி என்று ஜாப் ஆர்டரில் செய்து கொடுக்கிறார்கள். வார்ப்பு வெளியே ஃபவுண்டரியில், மெஷினிங் இங்கே. பட்டறையின் மூலையில் கண்ணாடி போட்ட ஓர் அறை. அங்கே மட்டும் ஏசி. ஆளுக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. அதன் முன்னால் பன்னிரண்டு வருடமாக ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். டிப்ளமோ முடித்து நேராக அங்கே வந்தவர். அவர் வரைந்ததில் சுமார் 1400 ஃபைல்கள் அந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தன.

அக்காவின் கணவருக்கு ஓசூரில் வேலை. பள்ளி திறப்பதற்குள் குடும்பத்தோடு போயாக வேண்டும். இரண்டு மாதம்தான் இருந்தது. அதே நேரத்தில், ஏற்றுமதி செய்யும் ஒரு பம்ப் நிறுவனம் மாமாவுக்குப் பெரிய ஆர்டர் தரத் தயாராக இருந்தது. ஆனால் அவர்களுடைய படிவத்தில் இரண்டு வரிகள்: உரிமம் பெற்ற மென்பொருளில் வேலை நடப்பதற்கான சான்று வேண்டும், முப்பரிமாண மாடலை அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளின் ஃபைலாகவே தர வேண்டும்.

"மாப்ளே, நீ கம்ப்யூட்டர்லதான இருக்கற. எதை வாங்கோணும்னு மட்டும் சொல்லு. ஒரே வார்த்தை," என்றார் மாமா.

ஒரே வார்த்தையில் சொல்லலாம்தான். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சாலிட்வொர்க்ஸ், ஃப்யூஷன், ஃப்ரீகேட் என்று ஆளுக்கொரு வார்த்தை. அந்த வார்த்தை எதுவாக இருந்தாலும் 1400 ஃபைல்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அக்கா போன பிறகு அந்த ஃபைல்களுக்கு என்ன அர்த்தம் இருக்கும் என்பதற்கும் இல்லை.

2

பொறியியல் முதலாண்டில் மினி டிராஃப்டரோடு டவுன் பஸ் ஏறியவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். பையைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரின் விலாவில் குத்தும். அதை வைத்து வரைந்த தாளில் ஓர் அளவு மாறினால் அழிரப்பர்தான். ஒரு விட்டம் மாறினால் மேற்பார்வை, முன்பார்வை, பக்கப்பார்வை மூன்றிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மறந்துவிட்டால் அந்தத் தாள் அப்படியே பொய்யாகிவிடும், யாருக்கும் தெரியாது.

1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்றொரு நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 என்ற கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். கணினித் திரையில் கோடு தெரிந்ததே அன்றைக்கு அதிசயம். ஆனால் இன்றுவரை நிற்கும் விஷயம் வேறு. நீங்கள் கோணல்மாணலாக நாலு கோடு இழுத்துவிட்டு, இவை ஒன்றுக்கொன்று செங்குத்து, இந்த இரண்டும் ஒரே நீளம் என்று சொன்னால், ஸ்கெட்ச்பேட் அவற்றை அப்படி ஆக்கிவிடும். கோட்டோடு, கோடுகளுக்கு இடையிலான உறவையும் அது சேமித்தது.

1982இல் வெளிவந்த ஆட்டோகேட், வரைபலகையை மேசைமேல் வைக்கும் சாதாரணக் கணினிக்குள் கொண்டுவந்தது. உலகம் முழுக்கச் சின்ன அலுவலகங்கள் கணினிக்கு மாறியதில் அதன் பங்கு பெரிது. ஆனால் அதில் பெரும்பாலும் நடந்தது பலகையில் செய்த அதே வேலைதான். அங்கே ஒரு வட்டம் வெறும் வட்டம். தான் ஒரு போல்ட் ஓட்டை என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரியவைத்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் கைஸ்பெர்க். சோவியத் ஒன்றியத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கணிதப் பேராசிரியர். 1985இல் பி.டி.சி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சில வருடங்களில் அவர்களுடைய ப்ரோ-இன்ஜினியர் வந்தது, இன்றைக்கு அதன் பெயர் கிரியோ. அது ஒரு பாகத்தைச் செய்முறையாகவே சேமித்தது. 1995இல் சாலிட்வொர்க்ஸ் அதே எண்ணத்தை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. கோவைப் பட்டறை வரைக்கும் அது வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

ஒரு பம்ப் கேசிங்கை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு வட்டம் வரைகிறீர்கள். அதை 18 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழுத்தால் ஃபிளாஞ்ச். அதில் ஓர் ஓட்டை, பிறகு அதையே வட்டமாக எட்டு முறை. நத்தை ஓடு மாதிரி சுருளும் உடம்பு. உள்ளே குடைவு. கடைசியில் மூலைகளை மழுக்கும் ஃபில்லட்டுகள். திரையின் இடது ஓரத்தில் இந்த ஒவ்வொரு படியும் வரிசையாக நிற்கும். அதை மரம் என்கிறார்கள். முதல் வட்டத்தின் விட்டத்தை மாற்றினால், மென்பொருள் மேலிருந்து கீழே எல்லாப் படிகளையும் மறுபடி செய்து புதுக் கேசிங்கைக் கொடுக்கும்.

அக்கா இதை முதல்முறை எனக்குச் செய்து காட்டியபோது என் தொழில்புத்தி வேறொன்றைக் கவனித்தது. இது ஒரு நிரல். மாறிகள் இருக்கின்றன, வரிசை இருக்கிறது, ஒன்றை ஒன்று சார்ந்திருக்கிறது, மேலே ஒரு தவறு வந்தால் கீழே எல்லாம் சிவப்பாகிறது. அக்கா பன்னிரண்டு வருடமாக நிரல் எழுதியிருக்கிறார். எழுதியவர் ஒரே ஆள். குறிப்பு ஒன்றுகூட இல்லை. மாறிகளுக்குப் பெயர் வைத்தது மென்பொருள்: டி1, டி2, ஸ்கெட்ச்47. என் அலுவலகத்தில் இப்படி 1400 ஃபைல்களை ஒருவர் விட்டுவிட்டுப் போகிறார் என்றால் நாங்கள் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டோம். அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்போம்.

பட்டறையில் அவருக்குப் பெயர் 'கம்ப்யூட்டர் ஓட்டற பொண்ணு'.

3

மாமாவின் பட்டறையில் ஒரு பரண் இருக்கிறது. தாத்தா காலத்து மரப் பேட்டர்ன்கள் அங்கே கிடக்கின்றன. வார்ப்பு வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் பாகத்தை மரத்தில் செய்வார்கள். அதை மணலில் அழுத்தி அச்சு எடுத்து, அந்தக் குழிக்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகம் குளிர்ந்தால் சுருங்கும். ஆகவே மரம் பாகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்புக்கு மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர், எஃகுக்கு ஏறத்தாழ அதைப் போல் இரண்டு மடங்கு.

பேட்டர்ன் செய்யும் ஆசாரி ஒவ்வொரு அளவுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். அவரிடம் தனி ஸ்கேல் இருக்கும். வார்ப்பிரும்பு ஸ்கேலில் ஒரு மீட்டர் என்று போட்டிருப்பது உண்மையில் ஒரு மீட்டரும் 10 மில்லியும். அதை வைத்து அளந்து வெட்டினால் சுருக்கம் தானாகச் சேர்ந்துவிடும். கணக்கு ஸ்கேலுக்குள் இருக்கிறது. மரத்தைப் பார்த்தால் தெரியாது.

பரணில் இருந்த ஒரு பேட்டர்னை எடுத்து மாமா ஒருமுறை மறுபடி வார்க்கப் பார்த்தார். டிராயிங் கரையான் தின்றுவிட்டது. மரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எந்த உலோகத்துக்கு எந்த ஸ்கேலில் வெட்டியது என்று சொல்ல ஆளில்லை.

"மரம் இருக்குது. ஆசாரி இல்லையே கண்ணு," என்றார்.

சில பேட்டர்ன்களின் அடியில் மட்டும் பென்சிலில் 'வார்ப்பு', 'கன்மெட்டல்' என்று கிறுக்கியிருந்தது. அந்தச் சிலதை இன்றும் பயன்படுத்தலாம்.

4

ஒரு கேட் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போக எல்லோருக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. ஸ்டெப் என்ற ஃபைல் வகை. ஐ.எஸ்.ஓ. 10303 என்ற தரநிலை, முதல்முதலாக 1994இல் வெளியானது. நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம், உள்ளே வெறும் எழுத்துதான். புள்ளிகள், விளிம்புகள், தளங்கள், எந்தத் தளம் எந்த விளிம்பில் முடிகிறது என்று வரிவரியாக எழுதியிருக்கும். இன்று வேலைக்கு வைத்துக்கொள்ளத் தகுந்த எந்த கேட் மென்பொருளும் அதைப் படிக்கும், எழுதும்.

ஆனால் நடைமுறையில் ஸ்டெப்பில் மரம் வராது. கேசிங்கை ஸ்டெப்பாக மாற்றி வேறொன்றில் திறந்தால், கேசிங் அச்சு அசலாக இருக்கும். இடது ஓரத்தில் ஒரே ஒரு வரி: இறக்குமதி செய்த உடல். எட்டு ஓட்டைகள் இருக்கும், அவை ஒன்றிலிருந்து எட்டானவை என்ற விவரம் இருக்காது. ஃபிளாஞ்ச் இருக்கும், அதன் விட்டத்தை மாற்றினால் எதெல்லாம் கூடவே மாற வேண்டும் என்பது இருக்காது. வடிவம் வரும், வரலாறு வராது.

இறக்குமதி செய்த உடலையே நேரடியாகப் பிடித்து இழுத்து மாற்றும் வசதிகள் இருக்கின்றன. சீமென்ஸின் சாலிட் எட்ஜ் 2008 முதல் சிங்க்ரனஸ் டெக்னாலஜி என்ற பெயரில் அதைத் தருகிறது. ஓட்டையைத் தள்ளிவைக்க, தடிமனைக் கூட்ட அது போதும். ஆனால் பழைய செய்முறை திரும்பி வந்துவிடாது. ஆறிப்போன சாம்பாரில் உப்பைச் சரிசெய்யலாம், அவ்வளவுதான்.

சிறிய பட்டறைகளுக்கு மட்டும் இந்தத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஏறக்குறைய 530 கிலோமீட்டர் மின்கம்பி ஓடுகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் பிரான்ஸின் தூலூஸிலும் அதன் பகுதிகள் வடிவமைக்கப்பட்டன. இரண்டு இடத்திலும் மென்பொருள் காட்டியாதான். ஒரே நிறுவனம், ஒரே பெயர். ஆனால் ஹாம்பர்க்கில் நான்காம் பதிப்பு, தூலூஸில் ஐந்தாம் பதிப்பு. இரண்டும் ஒன்றின் தகவலை ஒன்று முழுதாகப் படிக்கவில்லை. விமானத்தின் உடல்பகுதிகளைச் சேர்க்கும்போது கம்பிகள் பொருந்தவில்லை. 2006இல் தாமதத்துக்குமேல் தாமதமாக அறிவித்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு முதல் விமானம் போய்ச் சேர்ந்தது 2007 அக்டோபரில், சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளி.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "ஏரோப்ளேன்காரனுக்கே அப்படின்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

5

பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வசதிகளின் பட்டியலை நான் பார்க்கவில்லை. பம்ப் கேசிங் செய்ய எல்லாவற்றிலும் போதுமான வசதி இருக்கிறது. நான் பார்த்தது ஒன்றைத்தான்: ஒருநாள் இதைவிட்டு வெளியே வர வேண்டுமென்றால் கையில் என்ன மிஞ்சும்?

சாலிட்வொர்க்ஸ். கோவையில் இது தெரிந்த ஆள் கிடைப்பது சுலபம். பயிற்சி மையங்களில் பெரும்பாலும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாடிக்கையாளர்களிடமும் இது அதிகம். ஆனால் புதுப் பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது. முந்தைய இரண்டு பதிப்புகளுக்கு இறக்கிச் சேமிக்கும் வசதியே 2024 பதிப்பில்தான் வந்தது. வாடிக்கையாளர் பதிப்பு மாற்றினால் நீங்களும் மாற்ற வேண்டும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதன் அடியில் வடிவக்கணக்கைப் போடும் இயந்திரத்தின் பெயர் பாராசாலிட். அதன் சொந்தக்காரர் சீமென்ஸ். சாலிட்வொர்க்ஸின் சொந்தக்காரரான தஸோ சிஸ்டம்ஸுக்கு நேர் போட்டியாளர். ஆன்ஷேப்பிலும் ஓடுவது அதே பாராசாலிட்தான். ஆனாலும் ஒன்றின் மரம் இன்னொன்றில் முளைக்காது. அடியில் மண் ஒன்று, மேலே வேலி வேறு.

ஆட்டோடெஸ்கின் ஃப்யூஷன். மெஷினுக்கான நிரலையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம் என்பது சிறு பட்டறைக்குப் பெரிய விஷயம். ஆனால் ஃபைல்கள் அவர்களுடைய மேகத்தில் இருக்கும். 2016இல் ஆட்டோடெஸ்க் பெரும்பாலான மென்பொருள்களில் ஒரேயடியாக வாங்கும் உரிமத்தை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. 2020 செப்டம்பரில் ஃப்யூஷனின் இலவசப் பதிப்பைச் சுருக்கினார்கள். ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஆவணங்கள் பத்து என்று வரம்பு வைத்தார்கள். இலவசப் பயனர்கள் ஸ்டெப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியையும் எடுக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் திரும்பப் பெற்றார்கள். வாசல் மூடவில்லைதான். ஆனால் அந்தக் கதவின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஆன்ஷேப். சாலிட்வொர்க்ஸைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக்கே பிறகு தன் பழைய சகாக்களோடு தொடங்கியது. 2019 முதல் பி.டி.சி.யிடம் இருக்கிறது. பிரவுசரில் ஓடும், கணினி செத்தாலும் ஃபைல் சாகாது. ஆனால் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவதை யாரும் பார்க்கலாம். வாடிக்கையாளரின் பம்பை ஊருக்குக் காட்ட முடியாது. காசு கட்டலாம், ஆனால் நெட் நின்றால் வேலை நிற்கும். மாமாவின் தெருவில் சாக்கடைக்குத் தோண்டும்போதெல்லாம் நெட் நின்றுவிடும்.

ஃப்ரீகேட். காசு இல்லை, நிரலும் திறந்தது. 2002 முதல் இருக்கிறது. இதன் அடியில் ஓடுவது 1999இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட ஓப்பன் காஸ்கேட். ஃபைலை யாரும் பூட்ட முடியாது. ஆனால் நீண்ட காலமாக ஒரு வியாதி இருந்தது. டோபாலஜிகல் நேமிங் பிரச்சினை என்பார்கள். நம்மூரில் விலாசம் சொல்வதைப் போலத்தான் அது: 'கடைசி வரிசையில் ஏழாவது வீடு.' நடுவில் யாராவது ஒரு புது வீடு கட்டிவிட்டால் தபால் பக்கத்து வீட்டுக்குப் போகும். மென்பொருளும் ஒரு விளிம்பை 'விளிம்பு 7' என்றுதான் நினைவு வைத்திருக்கும். மேலே ஓர் ஓட்டையைச் சேர்த்தால் எண்கள் நகர்ந்து, ஃபில்லட் வேறு மூலையில் போய் உட்காரும். மரமாகச் சேமிக்கும் எந்த மென்பொருளும் இதைச் சமாளித்தாக வேண்டும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் நன்றாகச் சமாளிக்கின்றன. ஃப்ரீகேட்டில் அதற்கான பெரிய திருத்தம் 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை முழுக்க, சோதனைப் பிரதிகளை நிறுவி, அக்காவே எல்லாவற்றிலும் ஒரே கேசிங்கை முயன்று பார்த்தார். இரண்டில் சுருள் உடம்பு மதியத்துக்குள் முடிந்தது. ஒன்றில் மூன்று முறை தொடங்கினார். ஃபிக்சர் பிளேட் மாதிரியான எளிய பாகங்கள் ஃப்ரீகேட்டிலேயே போதும் என்றார். கடைசியில் பழைய 1400 ஃபைல்களை ஒவ்வொன்றிலும் திறக்கப் பார்த்தோம். அவை எந்த மென்பொருளில் பிறந்தனவோ, அதன் உரிமம் பெற்ற பதிப்பில் மட்டும்தான் மரத்தோடு திறந்தன. வாடிக்கையாளர் கேட்டிருந்ததும் அதே மென்பொருள்தான்.

மாமா கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப நாம புதுசா ஒண்ணும் வாங்கல மாப்ளே. பன்னெண்டு வருச வாடகை பாக்கியக் கட்டறோம்."

இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது. முதல் ஃபைலை எதில் சேமித்தார்களோ அன்றைக்கே முடிவு நடந்துவிட்டது. பூட்டுடைத்த பிரதியும் ஒரு பூட்டுதான். உள்ளே போக மட்டும் காசு கேட்காத பூட்டு.

6

அந்தக் கொட்டேஷன் தொகை அக்காவின் ஒரு வருடச் சம்பளத்தைவிட அதிகம். அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரிந்தது. யாரும் பேசவில்லை.

1400இல் இப்போது ஓட்டத்தில் இருக்கும் பாகங்கள் எத்தனை என்று அக்காவிடம் கேட்டேன். அறுபது இருக்கும் என்றார். அந்த அறுபதுக்கும் எந்த அளவு ஏன் அப்படி இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போக முடியுமா?

"முடியும் தம்பி. ஆனா வேலை நேரத்துல ஆகாது. சாயங்காலம் உக்காரணும். அதுக்குத் தனியா ஆகும்னு சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதறதுக்குக் காசா? இத்தன வருசம் இங்கதான சோறு தின்னா?" என்றார். நான் கொட்டேஷனை எடுத்து, 'நிறுவல் மற்றும் பயிற்சி' என்று போட்டிருந்த வரியைக் காட்டினேன். மூன்று நாள் யாரோ வந்து, எந்த பட்டனை எங்கே அமுக்குவது என்று சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு தொகை. மாமா அதைப் பேரம்கூடப் பேசாமல் ஒத்துக்கொண்டிருந்தார்.

"இவங்க மென்பொருளைச் சொல்லிக்குடுப்பாங்க மாமா. உங்க கேசிங்கை யாரு சொல்லிக்குடுப்பாங்க?"

அவர் பதில் சொல்லாமல் எழுந்து ஷாப்புக்குள் போய்விட்டார். மறுநாள் அதே தொகையை அக்காவுக்குத் தருவதாகச் சொன்னார். கூடவே, சம்பளத்தைக் கூட்டினால் இருப்பாரா என்றும் கேட்டிருக்கிறார். அக்கா சிரித்துவிட்டு, "அஞ்சு வருசம் முன்னாடி கேட்டிருக்கலாமுங்க சார்," என்றிருக்கிறார்.

ஆறு வாரம் எழுதினார். முதலில் டிராயிங்கிலேயே தமிழில் எழுதிப் பார்த்தார். அங்கிருந்த எழுத்துருவில் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. பிறகு ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். எந்த கேட் மென்பொருளும் இல்லாமல் திறக்கும், எந்தப் பதிப்பும் தேவையில்லை. மாறிகளின் பெயர்களையும் மாற்றினார். ஸ்கெட்ச்47 போய், இன்லெட்_விட்டம் வந்தது.

அந்தக் குறிப்புகளில் சிலவற்றைப் படித்தேன்.

"சுவர் 6.5. வாடிக்கையாளர் டிராயிங்கில் 6தான். ஃபவுண்டரியில் கோர் கொஞ்சம் கீழே உட்காரும், மேல் பக்கம் சரியாக இருந்தாலும் கீழே மெலியும். 6 ஆக்க வேண்டாம்."

"இந்த பாஸ் 3 மில்லி அதிக உயரம். பம்புக்குத் தேவையில்லை. இரண்டாவது விஎம்சி வைஸில் பிடிக்க வேண்டும், அதற்காக. கடைசியில் வெட்டிவிடுவோம்."

"எட்டு ஓட்டையில் ஒன்று 4 டிகிரி தள்ளி இருக்கும். தவறு இல்லை. அசெம்பிளியில் திருப்பி மாட்டிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்தது."

கடைசிக் குறிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கல்லூரியிலிருந்து புதிதாக வரும் எந்தப் புத்திசாலியும் அந்த நான்கு டிகிரியைப் பார்த்த உடனே சரிசெய்திருப்பான். மென்பொருள் அதைச் சரிசெய்ய உதவியிருக்கும். எல்லாப் படிகளும் சிக்கலில்லாமல் மறுபடி ஓடி, திரையில் ஒரு சிவப்புகூட வந்திருக்காது. மரம் எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்கிறது. ஏன் செய்தோம் என்பது அதிலும் இல்லை. எத்தனை லட்சம் கொடுத்தாலும் எந்தப் பதிப்பிலும் அது தானாக வராது. அதை ஒரு மனிதர் எழுத வேண்டும், அந்த எழுத்துக்கும் காசு கொடுக்க வேண்டும்.

கடைசியில் மாமா செய்தது இவ்வளவுதான். வாடிக்கையாளர் கேட்ட மென்பொருளில் ஒரே ஓர் உரிமம். ஃபிக்சர்களுக்கும், ஷாப்பில் மாடலைத் திறந்து பார்ப்பதற்கும் ஃப்ரீகேட். எந்தப் பாகம் முடிந்தாலும் மூன்று பிரதி: மூல ஃபைல், ஸ்டெப், பிடிஎஃப். கூடவே 'ஏன்' என்ற பெயரில் அந்த டெக்ஸ்ட் ஃபைல். நாளைக்கு அந்த மென்பொருளை விட்டுவர நேர்ந்தால் மரம் போய்விடும். வடிவமும் காரணமும் கையில் இருக்கும். அவை இருந்தால் மரத்தை மறுபடி நட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் நாளாகும்.

புது மென்பொருள் எது எடுக்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம் இப்போது நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்கிறேன். உங்கள் பாகங்களில் ஒன்றை அதிலிருந்து வெளியே எடுத்து வேறொன்றில் திறந்து பார்த்தீர்களா? அப்போது எது தொலைந்துபோனதோ அது இப்போது யார் தலைக்குள் இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பெயர் வருகிறது. பெரும்பாலும் அந்த அலுவலகத்திலேயே குறைந்த சம்பளம் வாங்கும் ஒருவரின் பெயர்.

அக்கா ஓசூர் போய் ஒரு வருடம் ஆகிறது. அங்கே ஒரு டூல் ரூமில் டிசைனர் வேலை, அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். மாமாவிடம் இப்போது இருப்பவன் பி.இ. முடித்த பையன். முதல் சில மாதம் அறுபதுக்கு வெளியே உள்ள ஃபைல் எதையாவது திறக்க வேண்டியிருந்தால் அக்காவுக்கு போன் போடுவான். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வதை இவன் தட்டச்சு செய்து அந்தந்த ஃபைலின் பக்கத்தில் வைப்பான். அறுபது இப்போது எண்பத்தி மூன்றாகியிருக்கிறது. சென்ற மாதம் முதல்முறையாக யாரையும் கேட்காமல் அவனே ஒன்று எழுதியிருந்தான். ஒரு மோட்டார் பாடியின் அடிப்பக்கம். "இங்கே ஃபில்லட் 3 இல்லை, 5. ஃபவுண்டரிக்கே போய்ப் பார்த்தேன். 3 வைத்தால் மூலையில் மணல் உதிர்கிறது." கீழே தன் பெயரையும் தேதியையும் போட்டிருந்தான்.